கூடைக்கயிறு போட்ட கோடு

படம் தானா வந்துருதுன்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சரம்மா. அடுத்த வீட்டுல இருந்துகிட்டு, நான் காலையில இருந்து குனிஞ்சி கெடக்குறதப் பார்த்துகிட்டே, "அந்த டேப்ல வெரல வச்சா அதுவே வரைஞ்சி குடுத்துரும், ஒங்களுக்கு என்ன வேல"ன்னு கேக்குறீங்களே! இந்தத் தொழில்ல வரையிறது சுலுவுங்க. வரைஞ்சத அழிக்கச் சொல்றவங்கள சமாளிக்கிறதுதான் வேல. அடுத்தவங்களுக்கு வரைஞ்சி குடுத்து வயிறு எரிஞ்சவங்க இதப் படிச்சா, நான் சொல்றது பொய்யில்லன்னு சொல்லுவாங்க.

டேப் எப்படி வந்துச்சின்னா, பேத்தி திவ்யாவோட ஆன்லைன் கிளாசுக்கு வாங்குனது. கிளாஸ் முடிஞ்சி அது சும்மா கெடந்துச்சி. தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுக்குற வேலைய விட்டுட்டு நானும் சும்மா கெடந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா சேர்ந்துட்டோம்.

மக வேணும், நெறம் வேணாம்

மொதல்ல மெல்லிசா கோட்டுப்படம். அதுக்கு மேல கண்ணாடித் தாளு அடுக்குற மாதிரி தோலுக்கு ஒண்ணு, முடிக்கு ஒண்ணு, சீலைக்கு ஒண்ணு. கடைசியில பஞ்சால ஒத்துற மாதிரி ஓரத்தையெல்லாம் கரைச்சி விடணும். அப்பதான் மொகம் மெதுமெதுன்னு வரும். அதுக்குன்னு ஒரு பேனா இருக்கு. அத ஒரு தடவ இறம்பொட கோயில்ல கொரங்கு புடுங்கிகிட்டு மரத்துல ஏறிருச்சி, வாழப்பழம் காட்டி எறக்க வச்சோம். அது வேற கத.

பூண்டுலோயாவுல இருந்து ஒரு தகப்பன் வந்தாரு. மக பெரிய மனுசி ஆன சடங்குக்கு பேனர். புள்ள நல்ல மாநிறம், சிரிச்சா கண்ணே மூடிக்கிது. அப்படியே வரைஞ்சேன். ரெண்டு கன்னத்துலயும் லேசா ஒரு செவப்பு, கண்ணுல ஒரு வெள்ளப் புள்ளி. என் கண்ணே பட்டுரும் போல இருந்துச்சி. மனுசன் பார்த்துட்டு தலைய தலைய ஆட்டுனாரு. "படம் நல்லாத்தாங்க இருக்கு. எனக்கு எம் மகதான் வேணும், ஆனா கொஞ்சம் வெள்ளையான மகளா வேணும்."

கூடை எங்க தொங்கும்?

கொழும்புல இருந்து ஒரு தொர போன்ல பேசுனாரு. தேயில பாக்கெட்டுல போட கொழுந்து எடுக்குற பொண்ணு ஒருத்தி, பார்த்தா ஆசையா இருக்கணுமாம். இத நம்மளவிட யாரு வரைவா? கூடைய முதுகுல வச்சி, கயித்தத் தலையில மாட்டி, சீலை நனையாம இடுப்புல படங்குச் சாக்கு கட்டி, வெரலு நுனியில கறையும் போட்டு அனுப்புனேன்.

கறைய அழிக்கச் சொன்னாரு, அழிச்சேன். இடுப்புச் சாக்க எடுக்கச் சொன்னாரு, எடுத்தேன். அப்புறம் கூடைய முழங்கையில மாட்டணுமாம், சந்தைக்குப் போறவ மாதிரி! "ஐயா, ரெண்டு கையாலயும் கொழுந்து கிள்ளுறவ முழங்கையில கூடைய மாட்டிகிட்டு என்னாங்க பண்ணுவா?"ன்னு கேட்டேன். அவரு கோவிக்கவே இல்ல. "கயிறு தலையில இருந்தா பார்க்குறவங்களுக்குப் பாவமா இருக்கும்மா, டீ தொண்டையில எறங்காது."

என் தல

இப்ப திவ்யாவுக்குக் கல்யாணம். அழைப்பு அட்டையில எங்க குடும்பத்தையே பொம்ம மாதிரி வரைஞ்சேன். என்னைய வரையும்போது ஒளிக்கல. நெத்திக்கு மேல, கயிறு அழுத்தி அழுத்தி முடி மொளைக்காமப் போன கோடு ஒண்ணு எனக்கு இருக்கு. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சி. என்கூட கொழுந்து நெரையில நின்னவளுக எல்லாருக்கும் இருக்கு. ஊரு மொகத்தையெல்லாம் அவங்கவங்க சொல்லுக்கு மாத்திக் குடுத்தாச்சி, ஒரே ஒரு படத்துலயாச்சும் அது கெடக்கட்டுமேன்னு ஆச.

மாப்பிளையோட அக்கா கண்டியில இருந்து போன் போட்டுச்சி. அங்க வர்றவங்க பெரிய எடமாம், பாட்டி தலைய மட்டும் கொஞ்சம் சரி பண்ணுங்கன்னிச்சி. நான் பேனாவ எடுத்துட்டேன். கல்யாணப் புள்ளைக்கு என்னால ஒரு கொற வரக்கூடாதுல்ல? திவ்யா என் கையிலருந்து போன வாங்கிருச்சி. "அண்ணி, அந்தக் கோடு இல்லாட்டி அது எங்க அம்மாச்சி இல்ல, யாரோ ஒரு கெழவி. வேற கெழவி படத்த என் கல்யாணத்துக்கு நான் ஏன் அடிக்கணும்?"

அன்னைக்கு நான் ரெண்டு வாய் சோறு கூடுதலாத்தான் சாப்புட்டேன்.

அச்சுக்கடை

அட்டன் டவுன்ல ஒரு கடையில அச்சடிக்கக் குடுத்தோம். இன்னைக்கி அட்டைய ஆட்டோவுல ஏத்தி அந்தக் கடைத் தம்பியே கொண்டாந்தாரு. கட்டப் பிரிச்சி ஒண்ண எடுத்தேன். சீலை நான் போட்ட கலருதான். மொகமும் என் மொகந்தான். தலையில மட்டும் வகுடு எடுத்து வாரி விட்ட மாதிரி கறுகறுன்னு முடி. நகத்தால சொரண்டிப் பார்த்தேன், மை உரிஞ்சி வெள்ளையா ஒரு கோடு வந்துச்சி. அதுக்குள்ள தம்பி பல்லெல்லாம் தெரிய சிரிச்சிகிட்டு சொல்றாரு: "பாட்டி, ஒங்க தலையில என்னமோ கீறல் விழுந்திருந்துச்சி, நாங்களே பார்த்து மூடிட்டோம். அதுக்கு ஒண்ணும் தர வேணாம்."

இத்தன வருசம் கூடை சொமந்து எனக்குன்னு மிஞ்சுனது ஒரே ஒரு கோடு, அதையும் நல்ல மனசுள்ளவங்களாப் பார்த்துதான் அழிச்சி விடுறாங்க.

அடியே திவ்யா, மழ தூறுது, வெளிய கெடக்குற மத்த அட்டக் கட்டையும் உள்ளுக்கு எடுத்தாடி. அப்படியே அந்தத் தையல் ஊசி டப்பாவையும் கொண்டா, இத்தன அட்டைக்கும் என் நகம் பத்தாது!