சகலையின் பூதக்கண்ணாடி எத்தனை மடங்கு

யுத்தம் முடிந்திருந்த சமயம். திருத்தணியில் ஒரு ஜவுளி மண்டியில் நானும் என் சகலையும் துணி பரிசோதிக்கும் வேலையில் இருந்தோம். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்கள் கொண்டுவரும் துண்டுகளில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ண வேண்டும். இழை குறைந்தால் துணி திரும்பிப் போகும்.

சகலை என்னைவிட மூன்று வயது இளையவர். ஒரு திங்கட்கிழமை அரக்கோணத்திலிருந்து பித்தளை விளிம்பு வைத்த கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தார். "பத்து மடங்கு காட்டும். வீட்லயே அளந்து பாத்துட்டேன்" என்றார். அன்றிலிருந்து தறிக்காரர்கள் அவர் மேசையைச் சுற்றியே நின்றார்கள். எட்டு வருஷமாக நான் வைத்திருந்த கண்ணாடியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் வேட்டி நுனியால் தன்னுடையதைத் துடைப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிந்தது.

ஒரு நாள் முதலாளி சொன்னார்: "இனிமே இதுக்கு ஒருத்தர் போதும். எவன் கண்ணாடி பெருசா காட்டுதோ அவன் ஜன்னலாண்ட குந்தட்டும். இன்னொருத்தன் குடோனைப் பாத்துக்கட்டும்."

குடோனில் வெளிச்சம் கிடையாது. தறிக்காரர்களும் அங்கே வருவதில்லை.

மறுநாள் பகல் சகலை சாப்பிடப் போனதும் அவர் கண்ணாடியை எடுத்தேன். ஜன்னலுக்கு எதிரே வெள்ளைக் காகிதத்தை வைத்து, மலைமேல் கோபுரம் அதில் தலைகீழாகத் தெளிந்து விழும்வரை கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினேன். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடைத்தூரம் இரண்டரை அங்குலம். பள்ளியில் படித்த கணக்கு மறக்கவில்லை. பத்து அங்குலத்தை இந்தத் தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். ஐந்து வந்தது. என் கண்ணாடிக்கு இடைத்தூரம் ஐந்து அங்குலம், அதனால் மூன்று மடங்குதான். அவருடையதுதான் பெரிது. ஆனால் பத்து என்றது பொய். பொய் சொல்கிறவரை முதலாளி ஜன்னலில் வைக்கமாட்டார் என்று நம்பி, டைரியில் "ஐந்து" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

மறுநாள் எல்லோர் முன்னும், அவர் கண்ணாடி ஐந்து மடங்குதான் என்று சொன்னேன்.

"இன்னா அண்ணே, என் கண்ணாடி மேல இவ்ளோ ஆசையா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார் சகலை. தறிக்காரர்கள் சிரித்தார்கள். "கணக்கு இன்னாத்துக்கு? கண்ணால பாருங்க."

அங்குலத்தைப் பத்தாகப் பிரித்த அளவுகோல்கள் இரண்டு எடுத்தோம். ஒன்று கண்ணாடிக்குக் கீழே. இன்னொன்றைப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் பிடித்துக்கொண்டார். வலக்கண்ணால் கண்ணாடி வழியாகவும், இடக்கண்ணால் வெறும் அளவுகோலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெறும் அளவுகோல் மங்கலாகத் தெரிந்தது. "இன்னும் தள்ளிப் பிடி, இன்னும்" என்றேன். கோடுகள் தெளிந்தபோது, கண்ணாடிக்குள் இருந்த ஒரு சின்னப் பிரிவு வெளியே ஒரு முழு அங்குலத்தை மூடியது. பத்து மடங்கு.

அளவுகோல் என் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தேன். இருபத்திரண்டரை அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் ஒன்பது, ஒன்று கூட்டினால் பத்து. பாடப்புத்தகத்தின் பத்து அங்குலம், கோடுகள் தெளிவாகத் தெரியும் மிகக் கிட்டத் தூரம், நல்ல கண்ணுக்கானது. என் கண் அதைத் தாண்டி வெகு காலமாகியிருந்தது.

"ஏன்யா, இன்னும் கொஞ்சம் விட்டா அளவுகோலை ஸ்டேஷன்லயே நிறுத்தி வச்சிடுவ போலருக்கே" என்றார் முதலாளி. "அவரு ஜன்னலாண்ட. நீ குடோன்."

அப்போதுதான் உறைத்தது. வீட்டில் அளந்தபோது சகலைக்கும் பத்துதான் வந்திருக்கிறது. அவரும் அளவுகோலை அதே தூரத்தில் பிடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வயது இளைய கண், ஆனால் என் கண்ணைப் போலவே. அவர் கண்ணும் கெட்டதென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரைப் பார்த்தேன். குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் பொறாமை என்பார்கள். அது உண்மையும்கூட. அளவுகோல்களை எடுத்து வைத்துவிட்டுக் குடோனுக்கு நடந்தேன்.

சாயங்காலம் குடோன் வாசலுக்கு வந்தார். "அண்ணே, அந்தக் கணக்கைக் காகிதத்துல எழுதிக் குடுங்க. கேக்கறவங்களுக்குக் காட்டணும்."

மேலே "பத்து மடங்கு" என்று விடையையும், கீழே இருபத்திரண்டரை உட்பட வழியையும் அழகாக எழுதிக் கொடுத்தேன். டைரியில் ஐந்தை அடித்துப் பத்தாக்கினேன்.

காலையில் ஜன்னலைக் கடந்து போகும்போது பார்த்தேன். காகிதம் சுவரில் ஒட்டியிருந்தது. என் கையெழுத்தில் "பத்து மடங்கு" மட்டும் இருந்தது. கீழ்ப்பாதியைக் கத்தரியால் நேராக வெட்டியிருந்தார்.