கரண்ட் இல்லாத நாளின் நூலகர்

சேலத்தில் நடந்த அந்தப் பயிற்சிக்கு நாங்கள் எல்லோரும் புதுக் குறிப்பேடும் பேனாவுமாகப் போயிருந்தோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் நாள்காட்டியிலிருந்து கிழித்த மாதத் தாள்களை நான்காக மடித்துப் பைக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. கோயில் விசேஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஏதாவது இருக்கும் என்று அன்றைக்கு நான் நம்பவில்லை.

நான் குமாரபாளையம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். நூலக அறிவியலில் முதுகலை முடித்தவள். அதைச் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அவர் பள்ளிபாளையத்தைத் தாண்டி ஒரு சிற்றூரில் ஊர்ப்புற நூலகர். படித்தது சான்றிதழ் படிப்பு. இருப்பது ஒற்றை அறை, இரண்டு மேசை, கால் ஆடும் ஒரு அலமாரி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்றார். வேண்டாம் என்று நான் ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.

ஐந்து நாள் பயிற்சி அது. நூலகத்துக்கு வராதவர்களைத் தேடி நூலகம் எப்படிப் போவது என்பதுதான் பாடம். கடைசி நாள் பயிற்சி அலுவலர், ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் மூன்று மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்தி அறிக்கை அனுப்ப வேண்டும் என்றார். சிறந்த அறிக்கை யாருடையதோ அவரே அடுத்த அணி ஊர்ப்புற நூலகர்களுக்குப் பயிற்சியாளர். அந்த இடம் எனக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பதினைந்து வருடமாக நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் என் வேலைக்குப் பெயரே 'சீல் குத்தற வேலை'. ஒரே ஒரு முறை மைக்கைப் பிடித்து நான் பேச, நூறு பேர் குனிந்து குறிப்பெடுக்க வேண்டும் என்று ஆசை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

ஞாயிறு வாசிப்பு வட்டம் என்று பெயர் வைத்தேன். பயிற்சியில் கொடுத்த தாளில் இருந்த அத்தனையையும் செய்தேன். ஃபிளெக்ஸ் கட்டினேன், ஐம்பது நாற்காலி போட்டேன், டீயும் பிஸ்கட்டும் வைத்தேன். முதல் வாரம் வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நாலு பேர் தினமும் செய்தித்தாள் படிக்க வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அடுத்த வாரம் அந்த நாலு பேர் மட்டும். மூன்றாவது வாரம் புகைப்படத்துக்காகப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து பிள்ளைகளைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். அவர்கள் புத்தகத்தைப் பிடித்திருந்த விதத்திலேயே அது கூட்டிவந்த கூட்டம் என்று தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் அக்கா போனில் கூப்பிட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கியபடியே சொன்னார்: "ஞாயித்துக்கெழம யாருங்க மேடம் வருவாங்க? வாரம் பூரா தறி ஓட்டுன சனம். அன்னிக்குத்தான தலைக்கு ஊத்திட்டு, கறி எடுத்துச் சாப்புட்டுப் படுப்பாங்க. நாளைக்கு எங்கூர்ல கரண்ட் இல்லீங்க. ஒரு எட்டு வந்து பாருங்க."

போனேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். அவர் காலடியில் ஒரு கட்டைப்பை, என் மடியில் ஒரு கட்டைப்பை, இரண்டிலும் புத்தகங்கள். எங்கள் பக்கம் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். அன்றைக்கு ஊரே வாயடைத்துக் கிடந்தது. மாதம் ஒரு நாள், அக்காவின் தாள்களில் சிவப்பு வட்டம் போட்டிருந்த அந்தத் தேதியில், மின்கம்பியைப் பராமரிக்கக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். தறி நிற்கும். தறி ஓட்டுகிறவர்கள் பட்டறையை விட்டும் போக மாட்டார்கள். சீக்கிரம் வந்துவிட்டால் உடனே ஓட்ட வேண்டுமே. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், போவதற்கும் முடியாமல், அத்தனை பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற பகல் அது ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க முதுகலைப் பட்டம் தேவைப்படவில்லை.

அக்கா பேச்செதுவும் பேசவில்லை. வாசிப்பின் அவசியம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பட்டறை வாசலில் ஒரு துணியை விரித்துப் புத்தகங்களைப் பரப்பிவிட்டு, "போன மாசம் எடுத்துட்டுப் போனது புடிச்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டார். உடனே ஆரம்பித்துவிட்டது. தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்த ஒரு மனிதர், ஒரு நாவலில் வரும் மருமகன் செய்தது அநியாயம் என்றார். நூல் சுற்றும் பெண் ஒருவர், அநியாயமே இல்லை, அந்த மாமியாரை நீ ஒரு நாள் வைத்துப் பார் என்றார். தறிச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகியவர்கள் அமைதியிலும் அப்படித்தான் பேசினார்கள். தெருவுக்கே கேட்டது. எதிர்ப் பட்டறையிலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்தார்கள். என் ஐம்பது நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பி வரும்போது அக்கா நான்கு தாளில் கிறுக்கிய குறிப்புகளைக் கொடுத்தார். "எனக்கு இந்த அறிக்கையெல்லாம் எழுத வராதுங்க மேடம். நீங்க படிச்சவங்க. கொஞ்சம் எழுதிக் குடுத்துருங்க." வாங்கிக்கொண்டேன். எழுதி, அவர் சார்பில் நானே அலுவலகத்துக்கு அனுப்பியும் வைத்தேன். பிழையில்லாமல், பத்தி பிரித்து, அழகாக எழுதினேன். ஒரே ஒரு மாற்றம். மின்தடை நாளில் என்று அவர் எழுதியிருந்த இடத்திலெல்லாம் 'ஓய்வு நேரங்களில்' என்று போட்டேன். அந்த ஒரு விஷயத்தை எடுத்துவிட்டால் அவர் செய்தது எல்லா ஊரிலும் எல்லோரும் செய்வதாகத்தான் தெரியும். பிறகு என் அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் சேர்த்தேன்: விசைத்தறிப் பகுதிகளில் மாதாந்திர மின்தடை நாளையே நூலக நாளாக மாற்றலாம் என்பதைக் கள ஆய்வில் கண்டறிந்தேன். கள ஆய்வாம். அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து செய்த ஆய்வு.

தேர்வானது நான்தான். வீட்டில் இனிப்பு வாங்கினார்கள். அடுத்த பயிற்சியில் மைக் என் கைக்கு வந்தது. பழைய அணியில் இருந்த ஊர்ப்புற நூலகர்களையும் மறுபடி அழைத்திருந்ததால் அக்காவும் இருந்தார், இரண்டாவது வரிசையில். மின்தடை நாள் யோசனையை நான் சொன்னதும் அரங்கில் ஒரு சலசலப்பு, பிறகு கைதட்டல். ஆசைப்பட்டது போலவே எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அப்போது ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எழுந்து, "கரண்ட் இல்லன்னா பட்டறைக்குள்ள இருட்டா இருக்குமே மேடம், எப்படிப் படிப்பாங்க?" என்றார். ஒரே ஒரு நாள் பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"வாசப்படியிலதானுங்க உக்காருவாங்க," என்றது அக்காவின் குரல். "அதனால பெரிய எழுத்துப் புத்தகமா எடுத்துட்டுப் போகோணும். மழை நாள்னா முன்னாடியே ஆளுக்கு ஒண்ணு குடுத்துரோணும், பேச்சு அப்பறம்." அவ்வளவுதான். நாற்காலிகள் அவர் பக்கம் திரும்பின. அடுத்த முக்கால் மணி நேரம் கேள்விகள் எல்லாம் அவருக்கே போயின. என் கையில் மைக் இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது முந்தைய அணியின் அறிக்கைகளை ஒரே புத்தகமாகக் கட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா தக்காளிச் சாதத்தை ஒரு கையால் பிசைந்துகொண்டே பக்கங்களைப் புரட்டினார். முழுவதையும் படித்துவிட்டு, கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார்.

"ரெண்டு அறிக்கையும் படிச்சேனுங்க. நல்லா எழுதியிருக்கீங்க. அடுத்த தடவ நானே எழுதிக்கறேனுங்க மேடம்."

கோபமா அக்கா என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமுங்களா? அழுகாச்சியே வருது," என்றார். "செரி, உள்ள போலாம். கூப்புடறாங்க."

அதற்குப் பிறகு நாலு வருடம் நான்தான் பயிற்சியாளர். அக்கா போனில் கூப்பிடுவதில்லை. ஆனால் வருடம் தவறாமல் அவருடைய அறிக்கை வரும், அவர் கையெழுத்தில், நீளமாக. யார் என்ன புத்தகம் எடுத்தார்கள், எதைப் பாதியில் திருப்பித் தந்தார்கள், ஏன் தந்தார்கள் என்று ஒருவர் விடாமல் எழுதியிருப்பார். எங்காவது ஒரு குறை கிடைக்குமா என்று தேடித்தான் ஒவ்வொரு முறையும் படித்தேன். கிடைத்ததில்லை. நான் எழுதிக்கொடுத்ததைவிட அது நன்றாக இருந்தது.

இந்த வருடம் பயிற்சியாளரை மாற்றலாமா என்று அலுவலகத்தில் கருத்துக் கேட்டார்கள். மின்தடை நாள் யோசனை அவருடையது, என்னுடையது அல்ல என்று எழுதி, அவருடைய முதல் அறிக்கையில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதி அனுப்பினேன். மனம் லேசாகும் என்று நினைத்தேன். போன வாரம் சேலத்தில் அதே அரங்கில் புதுப் பயிற்சியாளராக அக்கா பேசினார். மைக்கை ஓரமாக வைத்துவிட்டு, தறிப் பட்டறைக்காரர்கள் மாதிரி உரக்கப் பேசினார். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் போல நானும் குறிப்பெடுத்தேன். முடிந்ததும் எழுந்த கைதட்டல் எனக்குக் கிடைத்ததைவிட நீண்டதா என்று கவனித்தேன். நீண்டதுதான். எல்லோரும் நிறுத்தும்வரை நானும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.