ஸ்கோப் படமும் பெண்கள் பக்கத்து இருட்டும்

"மூலையில இருட்டுன்னு ஒரு ஆளு வாயத் தொறந்தாலும், நாளைக்கே சேலத்து ஆபரேட்டர எறக்கிருவேன்."

மாரண்டஹள்ளி டூரிங் கொட்டாயில் முதன்முதலாக ஸ்கோப் என்ற அகலத்திரைப் படம் ஓட்டிய அன்று முதலாளி இப்படிச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "எம் பையன் கவர்மென்ட் லைசென்ஸ் வாங்கின ஆபரேட்டரு" என்று அப்பா எங்கள் ஊரான இண்டூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு வேலை போனால் அவரால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்காகக் கொஞ்சம் விளக்கம். புரொஜெக்டரின் விளக்குப் பெட்டியான லாம்ப்ஹவுசுக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் எரியும். ரிஃப்ளெக்டர் கண்ணாடி அந்த வெளிச்சத்தைக் குவித்து, ஃபிலிம் ஓடும் சன்னலான கேட்டின் மேல் வட்டமாக விழவைக்கும். சாதாரணப் படத்துக்குக் கேட்டின் திறப்பு சிறியது, ஸ்கோப்புக்குப் பெரியது. கண்ணாடியைத் திருத்தாவிட்டால் திரையின் ஓரங்கள் கறுத்துவிடும்.

திருத்த வேண்டுமானால், ஃபிலிம் இல்லாமல் வெறும் வெளிச்சத்தைத் திரையில் விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் கொட்டாய்க்கோ பக்கச்சுவர் கிடையாது. பொழுது சாயாமல் திரையில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்தால் ஜனம் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே எல்லோர் முன்னாலும்தான் செய்தேன்.

கொட்டாயின் நடுவில் இடுப்பளவுத் தடுப்பு. வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். தடுப்பு முடியும் இடத்தில், சரியாக நடுவில், முதலாளியின் நாற்காலி. வெளிச்சத்தை விட்டதும் பெண்கள் பக்கத்திலிருந்து மாதம்மாள் அக்காவின் குரல் வந்தது.

"ஏந் தம்பி, ஆம்பளைங்க பக்கம் பளபளன்னு இருக்குது, எங்க பக்கம் மட்டும் அமாவாசையா?"

கண்ணாடியின் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். இப்போது ஆண்கள் பக்கத்தில் அவர் புருஷன், வண்டிக்கார மாதையன், எழுந்தார்.

"ஏனுங்க ஆபரேட்டரே, நாங்க என்ன கெணத்துக்குள்ளயா குந்தியிருக்கறோம்?"

"குந்துய்யா! வூட்டுலதான் வெளக்க உம் பக்கம் நகத்திக்கற, கொட்டாயிலயுமா?"

அவ்வளவுதான். நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பக்கம் கைதட்டியது, மறுபக்கம் ஊளையிட்டது. கார்பன் எரிந்து குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வட்டத்தை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறேனே தவிர, பெரிதாக்கவில்லை! கண்ணாடியை ஒரு நூல் பின்னால் தள்ளினேன். வட்டம் விரிந்தது. இரண்டு ஓரமும் வெளுத்தன. விரிந்த வெளிச்சம் என்பதால் நடுவில் பளிச்சென்று இருந்தது கொஞ்சம் குறைந்தது. இரண்டு பக்கமும் சத்தம் அடங்கியது. படத்தை ஓட்டினேன்.

"டேய் தம்பி! நடுவுல மங்கலா இருக்குதேடா!"

முதலாளி. அவர் சொன்ன அந்த ஒரு ஆளாக அவரே வாயைத் திறந்துவிட்டார்.

மாதம்மாள் அக்கா திரும்பினார். "மொதலாளி, டிக்கெட்டு வாங்குன நாங்க யாரும் பேசலைங்க. நீங்க எந்த டிக்கெட்டுங்க?"

கொட்டாயே சிரித்தது. "அவ சொல்றது நாயந்தானுங்க" என்றார் மாதையன். மனைவி சொன்னதில் அன்று சாயங்காலம் அவர் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

முதலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஆண்கள் பக்க ஓரத்தில் போட்டுக்கொண்டார். இடைவேளையில் நான் படம் ஓட்டும் கேபினுக்கு வந்தார். "அங்கருந்து பாத்தா நல்லாத்தாண்டா இருக்குது. சேலத்துக்காரன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிகளே, ஸ்கோப்புக்கு முதலில் வட்டத்தை விரியுங்கள். அப்புறம் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முதலாளியின் நாற்காலியை மட்டும் ஆட்டத்துக்கு முன்பே ஓரத்தில் போட்டுவிடுங்கள்.