கலாஜினி றிமோட் பூட்டிய போர்க்கப்பல்

களுவாஞ்சிக்குடிக் கடைத்தெருவில் கலாஜினி போன் திருத்தும் கடை வைத்து ஏழு வருடமாகிறது. ஆரம்பத்தில் உள்ளே வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் பின்பக்கம் எட்டிப் பார்த்து, திருத்துகிற ஆள் எங்கே என்று கேட்பார்கள். நான்தான் என்றால் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். இப்போது மண்டூரிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் அவளைத் தேடி வருகிறார்கள். தண்ணீரில் விழுந்த போன் என்றால் அவளிடம் கொடுக்க வேண்டும் என்று பெயர். வாவியை அண்டி வாழ்கிறவர்களின் போன்கள் அடிக்கடி தண்ணீரில் விழத்தான் செய்யும்.

எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் அகப்படும் என்பது அவள் தொழிலில் கண்டுகொண்டது. அந்த எண்ணம் ஆட்டம் கண்டது இந்த வருடம் மாசி மாதத்தில், புருசன் யோகேஸ்வரன் டோகாவிலிருந்து திரும்பி வந்த பிறகுதான்.

ஒன்பது வருடம் அங்கே ஒரு கட்டடக் கொம்பனியில் சாரதியாக இருந்தவன். வரப்போவதாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு காலையில் தேற்றாத்தீவு வீட்டுப் படலைக்கு முன்னால் ஓட்டோ வந்து நின்றது, அதற்குள்ளிருந்து இறங்கினான். கலாஜினி முகம் கழுவிக்கொண்டிருந்த செம்புடன் அப்படியே நின்றாள். லீவா என்று கேட்டதற்கு, இனிப் போகவில்லை என்றான். ஏன் என்று கேட்டதற்கு, போதும் என்றான். அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்தபோது உடுப்புகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிய ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. மேலே சாம்பல் நிறப் போர்க்கப்பல் ஒன்றின் படம். உள்ளே நூற்றுக்கணக்கான பிளாஸ்ரிக் துண்டுகள், சட்டங்களில் ஒட்டியபடி: பீரங்கிகள், ஏணிகள், நங்கூரம், நகக்கண் அளவு படகுகள். அவள் புரட்டிப் பார்த்தாள். மகள் விதுர்ஷா கம்பஸுக்குப் போகிற வயதில், விளையாட்டுச் சாமான் யாருக்கு என்று விளங்கவில்லை.

"ஏன் போர்க்கப்பல்? வேற ஒண்டும் கிடைக்கல்லையா?"

"பெட்டி நசுங்கிட்டு. விக்க ஏலா எண்டு முதலாளி தந்தாரு."

"எந்த முதலாளி?"

அவன் ஒரு சட்டத்தைக் கையிலெடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்த ஒரு கடைக்காரர் என்றான், சற்றுப் பிந்தி.

போர்க்கப்பல் என்றால் கலாஜினிக்கு ஒரு ஞாபகம்தான் உண்டு. சிறு வயதில், சண்டைக் காலத்தில், கடலில் தூரத்தில் அப்படி ஒன்று வந்து நின்றால், குண்டு விழும் என்று பயந்து, அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வாவிப் பக்கம் ஓடுவாள். இதை யோகேஸ்வரனும் அறிவான், அவனும் இதே ஊர்க்காரன். ஆனால் அவனைப் பார்த்தால் அந்த நினைப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. விடிந்ததும் சன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக வெட்டி, அரத்தால் தேய்த்து, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டினான். அந்தக் கை வேலையைக் கண்டு அவளே வியந்தாள். இருபது வருடக் குடித்தனத்தில் அவன் ஒரு ஆணியை நேராக அடித்து அவள் கண்டதில்லை.

வேறு விடயங்களும் பொருந்தவில்லை. அவளுடைய மோட்டார் சைக்கிளை அவன் தொடவே இல்லை. ஒன்பது வருடம் வாகனம் ஓட்டியவன், களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குக்கூட பஸ்ஸில் போனான். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டிய சொந்தக்காரரைப் பார்த்தபடியே நடந்து போய்விட்டான் என்று பத்தினிப்பிள்ளை மாமி கடைக்கே வந்து முறையிட்டாள். வெளிநாட்டுப் பெருமை என்று அவளுடைய தீர்ப்பு. கலாஜினிக்கு வேறு பயம். அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாளோ, மனம் அங்கேயே நின்றுவிட்டதோ என்று யோசித்தாள். அவன் குளிக்கப் போனபோது அவனுடைய போனை எடுத்துப் பார்த்தாள். உள்ளே கப்பல் படங்கள்தான் இருந்தன.

இரண்டு கிழமையில் கப்பலின் உடல் முடிந்தது, இரண்டரை அடி நீளம். அப்போதுதான் அவன் வாய் திறந்தான்.

"இது காட்சிக்கு வைக்கிற சாமான், ஓடாது. நீ நினைச்சா ஓட வைக்கலாம், கலா."

ஏன் ஓட வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த மனிதன் வந்த நாள் தொட்டு அவளிடம் கேட்ட ஒரே விடயம் அதுதான். சரி என்றாள்.

கொழும்பிலிருந்து றிமோட்டும், அதன் சொல்லைக் கேட்டு நடக்கும் சின்னப் பலகையும், சுக்கானைத் திருப்பும் மோட்டரும் தபாலில் வந்தன. பழைய பிரின்டரிலிருந்து இரண்டு மோட்டர் கழற்றினாள். கப்பலைத் தள்ளும் காற்றாடிகளைச் சுழற்றும் தண்டுக்குச் சைக்கிள் கம்பி எடுத்தாள். அந்தக் கம்பி கப்பலுக்குள்ளிருந்து வெளியே போகிற இடத்தில் தண்ணீர் ஏறக்கூடாது. பழைய ரேடியோ அன்ரனாவின் பித்தளைக் குழாயை அளவாக வெட்டி, உள்ளே கிரீஸ் அடைத்துக் கம்பியைச் செருகினாள். மேல்தட்டை வேண்டும்போது கழற்றிப் பூட்டுவதற்குப் போன் ஸ்பீக்கர்களின் பொட்டளவு காந்தங்களை ஒட்டினாள். கடை பூட்டி வந்த பிறகு பின்னேரங்களில் இருவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். அவன் அளந்து சொல்வான், அவள் ஈயம் வைப்பாள். பேச்சு அதற்கு மேல் போகவில்லை என்றாலும், அந்த நேரங்களில் அவனைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருக்கவில்லை.

கிணற்றடித் தொட்டியில் விட்ட முதல் நாள் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை அடியில் வைத்து நிமிர்த்தினார்கள். அடுத்த நாள் நிமிர்ந்து நின்றது, ஆனால் முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரிச் சுற்றியது. ஒரு காற்றாடி தள்ள, மற்றது இழுத்தது. ஒரு மோட்டரின் வயரை அவள் மாற்றிப் போட்டாள். இப்போது நேராக ஓடியது, பின்பக்கமாக. இரண்டையும் மாற்றிய பிறகே முன்னே போனது. யோகேஸ்வரன் தொட்டி விளிம்பில் குந்தியிருந்து சிரித்தான். வந்த பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

வாவிக்குக் கொண்டுபோனபோது வேறு கரைச்சல். தொட்டியில் சொன்னபடி கேட்ட கப்பல், பத்து மீற்றர் போனதும் நின்றுவிட்டது. கலாஜினி பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தாள். சேர்க்கிட்டைக் கழற்றினாள், பற்றரியை மாற்றினாள், வீட்டில் எல்லாம் சரியாக வேலை செய்தது. மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தாள். கடைசியில் பார்த்தால், சிக்னல் பிடிக்கும் வயரை அவள் கப்பலின் அடித்தளத்தில் ஒட்டியிருந்தாள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிடந்த வயருக்குத் தூரத்துச் சிக்னல் எட்டவில்லை. தண்ணீரில் விழுந்த போன்களோடு ஏழு வருடம் மாரடித்தும் இது தோன்றவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டு, வயரைப் புகைக்கூண்டுக்குள் உயர்த்திவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு மறுபடி வாவிக்குப் போனார்கள். வானம் மூடிக் கிடந்தது, காற்றில்லை. றிமோட்டை இந்தமுறை யோகேஸ்வரன் கேட்டு வாங்கினான். கப்பல் கரையை விட்டு விலகி, மூக்கால் தண்ணீரைப் பிளந்துகொண்டு, பின்னால் ஒரு சின்ன நுரைக் கோடு விட்டபடி போனது. கலாஜினிக்கு நெஞ்சு நிறைந்தது. என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு பூரிப்பு. போர்க்கப்பல் என்பதே மறந்துபோயிற்று.

முப்பது மீற்றர் போயிருக்கும். நேரே எதிரில் இளையதம்பி அண்ணனின் வலைக் கம்புகள் நின்றன. அவர் தோணியில் நின்றபடி வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்புங்க," என்றாள்.

அவன் திருப்பினான். கப்பல் இன்னும் கம்புகளின் பக்கமே வளைந்தது. மற்றப் பக்கம் என்றாள். மற்றப் பக்கம் திருப்பி, பிறகு அதையும் விட்டுவிட்டு, மெல்லிய குரலில் கேட்டான்.

"இப்ப வருதா, போகுதா?"

பகிடி விடுகிறான் என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்தால் பகிடியாக இல்லை. வெயிலுக்குக் கண் கூசுகிறது என்றான். வெயில் இல்லை. கப்பல் வலையில் போய் முட்டி, காற்றாடியில் நூல் சுற்றி, சாய்ந்து நின்றது. இளையதம்பி தோணியை அதன் பக்கம் திருப்பினார்.

கலாஜினி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சேர்க்கிட்டில் எங்கே மின்சாரம் நின்றுபோகிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

"தோணியில எத்தினை பேர் இரிக்காங்க?"

அவன் வாவியைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான்.

"தோணி எங்க நிக்குது, கலா?"

இளையதம்பி கரைக்கு வந்து கப்பலைக் கொடுத்தார், வலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஈர மண்ணில் உட்கார்ந்து, நடந்ததை அவன் சொன்னான். இரத்தத்தில் சீனி கூடி, அந்த வருத்தம் கண்ணில் இறங்கி, வலக்கண்ணில் இரத்தம் கசிந்து பார்வை போய் மூன்று வருடமாகிவிட்டது. இடக்கண்ணில் கிட்டத்தில் உள்ளது தெரியும், தூரத்தில் எல்லாம் புகை. கொம்பனி வேலையால் நிற்பாட்டியது. மலையாளி ஒருவர் இப்படிப்பட்ட மாதிரிக் கப்பல்கள் விற்கும் கடை வைத்திருந்தார், வாங்குகிறவர்களுக்கு ஒட்டிக் கொடுக்க ஆள் தேடினார். கிட்டப் பார்க்கிற வேலைதானே என்று அவன் போய்ச் சேர்ந்தான்.

"அப்ப ரோட்டில நெருக்கடி, லொறி பிரண்டது எண்டெல்லாம் போன்ல சொன்னீங்களே?"

அறையில் கூட இருந்த ஒரு சாரதி வந்து சொல்வதைக் கேட்டுச் சொன்னதாம். கலாஜினிக்குச் சிரிப்பும் வந்தது, அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. மூன்று வருடம் இன்னொருவனுடைய நாட்களையல்லவா இவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"தெரியா. முதல்ல நீ பயப்படுவாய் எண்டு. மறுகா, இவ்வளவு நாளும் சொல்லல்லையே எண்டு. எனக்கே விளங்கல்ல, கலா." மடியில் கிடந்த கப்பலின் காற்றாடியிலிருந்து நூலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அவிழ்த்தபடி சொன்னான்: "நாப்பது கப்பல் செஞ்சன். எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிட்டு. ஒண்டாவது தண்ணியில போறதைக் காணணும் எண்டு ஆசை."

"இண்டைக்குக் கண்டீங்களா?"

"கிட்ட இரிக்கக்குள்ள கண்டன்."

அந்த இரவு அவள் அவனோடு பேசவில்லை. காலையில் கடையைத் திறக்காமல் அவனை மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண் டொக்டர் வலக்கண் இனி வராது என்றார். இடக்கண்ணுக்கு லேசர் பிடித்து, சீனியையும் கட்டுப்படுத்தினால் இருக்கிற பார்வை நிற்கும், கொஞ்சம் தெளியவும் கூடும் என்றார். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்று அவர் சொன்னபோது, கலாஜினி கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாளும் மறைத்தவன் மேல் வந்த கோபமா, நல்ல காலம் வந்து சேர்ந்தான் என்ற ஆறுதலா, அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. போனில் என்றால் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதைச் சோதிக்கலாம்.

இரண்டாவது முறை லேசர் பிடித்துவிட்டு கல்முனை பஸ்ஸில் திரும்பினார்கள். யோகேஸ்வரன் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சன்னல் பக்கம் இருந்தான். ஆரையம்பதி தாண்டியதும், குருமண்வெளித் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும், பாதை என்கிற மிதவையைப் போல ஒன்று செய்ய வேண்டும் என்றான். பிளாஸ்ரிக் தகடு வெட்டி, தட்டையாக, இரண்டு பக்கமும் கம்பி வேலி வைத்து.

முதலில் கண்ணைப் பாருங்கள் என்று அவள் வெட்டிச் சொன்னாள். அவன் சரி என்று தலையாட்டி, சன்னலோடு சாய்ந்து தூங்கிப்போனான். கிரான்குளம் வரும்போது, அந்தத் தட்டையான பாதைக்குப் பிரின்டர் மோட்டர் போதாது, வேகம் குறைந்த பலமான மோட்டர் வேண்டும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை. கண்டக்டர் இறங்குகிற இடத்தைக் கேட்டபோது, தேற்றாத்தீவு இரண்டு பேர் என்றாள்.