கூரை ஒழுகவில்லை, நான்தான் தவறாக எழுதிவிட்டேன்

புதுத் தகரம் போட்டும் கூரை ஒழுகுகிறது, மச்சில் வைத்த விதைப்பூண்டெல்லாம் நனைந்துவிட்டது, வேலை செய்த முருகையா ஏமாற்றிவிட்டார் என்று போன வாரம் இங்கே எழுதியிருந்தேன்.

இன்று காலை அவரே வந்தார். சண்டை போடவில்லை. ஏணி கேட்டார். நானும் பின்னாலேயே மச்சுக்கு ஏறினேன்.

தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவி, ஈரக் கையைக் காட்டினார்.

“நம்ம வட்டவடையில மழ பெஞ்சு எத்தன நாளாச்சு டீச்சர்?”

“பத்து நாளிருக்கும்.”

“அப்ப இந்தத் தண்ணி எங்கருந்து வந்துச்சு?”

அவர் கூரை ஓரத்தைக் காட்டினார். குளிருக்குப் பயந்து அங்கிருந்த சந்தில் சாக்குகளைத் திணித்து வைத்தது நான்தான்.

“காத்து போகத்தான் அந்தச் சந்த விட்டேன். அடச்சிட்டீங்க. அடுப்பு ஆவி, வெந்நி ஆவி எல்லாம் மேல வந்து, குளுந்த தகரத்துல பட்டு சொட்டுது. வெயில் நேரத்துல புழுக்கமும் வெளிய போகாது. கட்டையில பூசணம் பாருங்க.”

இருவருமாகச் சாக்குகளைப் பிடுங்கினோம். காற்று உள்ளே வந்தது.

இறங்கும்போதுதான் சொன்னார். “நீங்க எழுதுனதப் பாத்துட்டு ரெண்டு வீட்டுல வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பழைய பதிவை நீக்கவில்லை. தவறு என்னுடையது என்று அதன் மேலேயே எழுதிவிட்டேன்.

அதை நான் கேட்காமலே பகிர்ந்தீர்கள். இதைப் பகிரச் சொல்லிக் கேட்கிறேன். பார்ப்போம்.