ஒன்றரை முழம்

முதல் அடி இடது மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது தோளில். அண்ணன் மண்வெட்டிக் காம்பை ஏழு முறை ஓங்கினார். ஐந்து என்மேல் பட்டன, இரண்டு மணலில் போயின. அப்போது எனக்கு அறுபத்தைந்து வயது, அவருக்கு அறுபத்தொன்பது. மார்கழிக் காலை, பனிகூட விலகவில்லை.

எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, உப்பு ஏரிக்கரை மணலில் வரிசையாக ஒன்பது தோட்டங்கள், ஒன்பது ஊற்றுக்குழிகள். எங்களுடையது பதினாறு சென்ட். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஆடைபோல் படிந்து நிற்கும். அந்த நல்ல தண்ணீரைக் குடத்தில் மொண்டுதான் கத்திரிக்கும் தர்பூசணிக்கும் ஊற்றுவோம். குழி ஐந்து முழம், அதற்குக் கீழே போகக்கூடாது. மார்கழியில் குழியைத் தொடவே கூடாது. தையில் விதை போடும்வரை மண்ணுக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு. மற்ற மாதங்களில் தோட்ட வேலை முடிந்ததும் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் அண்ணன், அந்த ஒரு மாதம் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டார். குழி ஓரம் குந்தி, எந்த வரிசையில் எதைப் போடலாமென்று குச்சியால் மணலில் கோடு இழுத்துக்கொண்டிருப்பார்.

ஓய்வு என்றதும் அமைதி என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் அடிதடியெல்லாம் மார்கழியில்தான். கை சும்மா இருக்கும். வரப்பு நகர்ந்ததும் போன வருஷத்து வசவும் அப்போதுதான் நினைவுக்கு வரும். ஒருவருக்குப் பாதிக் காதும் இன்னொருவருக்கு மூன்று முன்பற்களும் போனது அந்த மாதத்தில்தான்.

பொன்னேரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்தேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. குழியில் மூன்று முழத் தண்ணீர் நின்றால் அறுபது குடம். இன்னும் நான்கு வரிசை சேர்த்தால் மொத்தம் தொண்ணூறு குடம் வேண்டும். ஆகவே ஒன்றரை முழம் கூடுதல் ஆழம். காகிதத்தில் விடை சரியாக வந்தது. அண்ணனும் அண்ணியும் விதை வாங்கப் பொன்னேரிக்குப் போய் மகள் வீட்டில் தங்கிய இரண்டு நாளில் நானே வெட்டினேன். சாம்பல் நிறச் சேறு வந்தது, தண்ணீர் குபுகுபுவென ஏறியது. மகிழ்ந்து போனேன்.

மூன்றாம் நாள் காலை இருவரும் திரும்பினார்கள். அண்ணனுக்கு முன்பே அண்ணி குழித் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டு, என் முகத்திலேயே துப்பினாள்.

"உப்புடா சாமி, உப்பு! வாத்தியாரே, இன்னா வேல பண்ணி வச்சிக்கிற நீ?"

அண்ணனும் நக்கிப் பார்த்தார். பிறகுதான் மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்தார். "நைனா காலத்துல இருந்து அஞ்சு முழம்டா! அடியில உப்பு தூங்கசொல்ல எழுப்பிவுட்டியேடா!"

"எண்ணிக்க வாத்தியாரே, பரீச்சையில கேப்பாங்க!" என்று பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்தார். வலியைவிட அந்தச் சிரிப்பு என்னை வெறியாக்கியது. மண் அள்ளும் இரும்புச் சட்டியை வீசினேன். அது அண்ணனின் புருவத்தைக் கிழித்தது.

சிரித்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் குழி பதினான்கு தப்படி தூரம். "என் குழிக்கும் உப்பு ஏறிட்டா?" என்றார். அடுத்த நிமிடம் நான்கு பேர் சவுக்குக் கட்டையோடு வந்தார்கள். அண்ணன் ரத்தத்தைத் துடைக்காமலே எனக்கு முன்னால் நின்றார்.

"எவனாவது கை வச்சீங்க, கைய எடுத்துடுவேன். இவன அடிக்க நான் ஒருத்தன் போதும்."

எனக்கு வந்த கட்டை அவர் முதுகில் விழுந்தது. அவர் காம்பு ஒருவர் முழங்காலை உடைத்தது. அண்ணி இடையில் விழுந்து கத்தியபிறகுதான் சண்டை நின்றது.

அன்றே அண்ணன் குழியை மூடினார். மூன்று மார்கழி தொடாமல் விட்டால் நல்ல தண்ணீர் மறுபடி படியும் என்றார். அடுத்தவர் குழிகள் தப்பின. எங்கள் தோட்டம் மட்டும் காய்ந்தது. என் ஓய்வூதியத்தை அவர் தொடவில்லை. மார்கழியிலும் ஏரியில் இறங்கினார். விரல்கள் வெளுத்து, மடங்காமல் போயின.

இந்த மார்கழியோடு மூன்று முடிந்தது. தை முதல் வாரம் குழியைத் தோண்டி, ஐந்து முழத்தில் நிறுத்தினார். ஒரு கை அள்ளி வாயில் விட்டார். வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

"இன்னும் உப்பு இருக்குதுடா" என்றார்.

அடிப்பாரென்று நின்றேன். மண்வெட்டி அவர் காலடியில்தான் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போய், இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, எழுபத்திரண்டு வயதில், அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினார்.