ஈயம் மறைத்த பாதி

நானும் அவளும் கோயம்புத்தூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தோம். என் ஊர் வாளையாருக்கு மேற்கே. எல்லைச் செக்போஸ்ட் லாரி வரிசையைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். அவள் மலைமேல் மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுப்பவர்.

எக்ஸ்ரே மாதிரிக் கதிர் பட்ட செல்லிலிருந்து ஏதோ ஒரு சேதி போய், கதிரே படாத பக்கத்துச் செல்லும் பழுதாகிறது என்று கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் மற்ற ஆய்வாளர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். உயிருள்ள உடம்பிலும் அப்படி நடக்குமா என்பது அவளுடைய கேள்வி. எலியின் பாதி உடம்பை ஈயத்தால் மறைத்து, மறுபாதியில் மட்டும் மிகக் குறைவாக எக்ஸ்ரே படவைப்பாள். பிறகு மறைந்திருந்த பாதியின் தோலை எடுத்துப் பார்ப்பாள்.

எலியைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். "சில்லுன்னு பட்டா பயந்துரும்ல" என்பாள். மயக்கம் தெளியும்வரை கூண்டருகே உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் மறைந்திருந்த தோலில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொரு புள்ளியும் டி.என்.ஏ. அறுந்த இடம். நான்தான் துள்ளினேன். "வந்துருச்சு புள்ள!"

துறைக் கருத்தரங்கில் அதை அவள் காட்டியபோது ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார். "ஈயத்துக்கு அடியிலயும் சிதறின கதிர் கொஞ்சம் போயிருக்குமேம்மா. அதுவே இதைச் செஞ்சிருந்தா?"

வாதாடுவாள் என்று நினைத்தேன். "இருக்கலாம் சார். அத நான் தனியா பாக்கல. பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்புள்ள, ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருக்கலாமல்லோ?"

"அவரு கேட்டது சரிதான. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

மறுவாரமே முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஈயத்துக்கு அடியில் கதிரை அளக்கும் சிறு வில்லைகளை வைத்தாள். கொஞ்சம் கசிந்துதான் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை மட்டும் வேறு எலிகளின் உடம்பு முழுக்கக் கொடுத்தாள். இன்னும் சில எலிகளைக் கதிரே விடாமல் இயந்திரத்தடியில் வைத்தெடுத்தாள். தன் ஆசை தன் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று, தோல் ஒட்டிய மைக்ரோஸ்கோப் கண்ணாடித் தகடுகளை என்னிடம் தந்தாள். "எது எந்த எலின்னு எனக்குத் தெரியாம நீயே குறி மாத்தி வச்சிரு."

மாதக்கணக்கில் குனிந்து புள்ளிகளை எண்ணினாள். எண்ணி முடித்த அன்று நான் குறிகளைப் பிரித்துச் சொன்னேன். சிதறல் மட்டும் பட்ட எலிகளுக்கும் கதிரே படாதவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாதி உடம்பில் கதிர் பட்ட எலிகளிலோ, மறைந்திருந்த பாதியில் புள்ளிகள் தெளிவாகக் கூடியிருந்தன; ஆனால் முதல் தடவை கண்ட அளவுக்கு இல்லை. பழைய பெரிய எண்ணை அடித்துவிட்டு, புதிய சின்ன எண்ணை எழுதினாள். எத்தனை பேருக்கு அந்தக் கை வரும்!

அந்தப் பேராசிரியரின் அறைக்கு நானும் கூடப் போனேன். அவர் தாள்களை நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. அந்தச் சேதி ரத்தத்து வழியாப் போகுதான்னு எப்படிப் பாக்கலாம், சொல்லு."

வெளியே வந்ததும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "அந்தக் கதிரு கெட்டதா தாயி?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"அது இன்னும் தெரியலம்மா. படாத இடத்துலயும் ஏதோ நடக்குது, அது மட்டும் நெசம்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள், நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன்.